திருவிதாங்கோடு, திருவிதாங்கூர், ட்ராவன்கோர்

தக்கலையில் எங்கள் பழைய வீட்டில் தாத்தா 1918ல் பிறந்தார். அப்பா 1950ல். சித்தப்பா 1958ல். நான் 1974ல். நாலு பேரும் பிறந்தது ஒரே வீட்டில், ஒரே அறையில். ஆனால் "எந்த மாநிலத்தில் பிறந்தீர்கள்?" என்று கேட்டால் நாலு பேருக்கும் நாலு பதில். தாத்தா திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பிறந்தவர். அப்பா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். சித்தப்பா மெட்ராஸ் ஸ்டேட். நான் தமிழ்நாடு. இத்தனைக்கும் வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இங்கே மெல்பர்னில் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதும் வேலை கொடுத்தார்கள். தாத்தா பெயருக்கு நேரே பிறந்த இடம் என்று ஆங்கிலத்தில் 'ட்ராவன்கோர்' என்று எழுதிக் கொடுத்தேன். "அப்பா, இது 59ம் நம்பர் ட்ராம் போற இடமாச்சே!" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். மெல்பர்ன் நகர மையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் வடமேற்கே, மவுண்ட் அலெக்சாண்டர் ரோட்டை ஒட்டி, ட்ராவன்கோர் என்று ஒரு சின்னப் புறநகர் இருக்கிறது. 19ம் நூற்றாண்டில் அங்கே பிளெமிங்டன் ஹவுஸ் என்று ஒரு மாளிகை இருந்தது. இந்தியாவுக்குக் குதிரை ஏற்றுமதி செய்துவந்த ஹென்றி மேடன் என்பவர் கைக்கு அது வந்தபோது அதன் பெயர் ட்ராவன்கோர் ஆகிவிட்டது. பிற்பாடு மனை போட்டு விற்றபோது தெருக்களுக்கும் மங்களூர், லக்னோ, பரோடா, காஷ்மீர் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வைத்த பெயர் ஏரியாவுக்கு ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. நம்ம ஊர் திருவிதாங்கூரும் இப்படித்தான் உருவானது. சின்ன இடத்தின் பெயர் பெரிய இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்ட கதை.

சரி, கதைக்கு வருவோம்.

தக்கலையிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் திருவிதாங்கோடு வந்துவிடும். இன்றைக்கு அது கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பேரூர். தோமையார் கட்டினார் என்று நம்பப்படும் அரப்பள்ளி என்ற பழைய தேவாலயம் அங்கே இருக்கிறது. வேணாட்டு அரச குடும்பத்தின் ஒரு கிளை ஒரு காலத்தில் இங்கிருந்துதான் ஆண்டது. அதற்கப்புறம்தான் பக்கத்திலேயே பத்மநாபபுரம். அதற்கும் அப்புறம்தான் திருவனந்தபுரம்.

பெயருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்: 'ஸ்ரீ வாழும் கோடு', அதாவது திருமகள் வாழும் இடம். அது திருவாழுங்கோடு ஆகி, திருவாங்கோடு, திருவிதாங்கோடு என்று மாறியதாகச் சொல்வார்கள். நாகமய்யா 1906ல் வெளியிட்ட சமஸ்தான மானுவல் தொடங்கி எல்லாரும் எடுத்துச் சொல்லும் விளக்கம் இது. இப்படிப்பட்ட தலப்பெயர் விளக்கங்களை நான் ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்வேன். ஆனால் ஊரின் பெயர்தான் நாட்டின் பெயரானது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யூலும் பர்னெலும் 1886ல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் ட்ராவன்கோர் என்ற சொல்லுக்கு, திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்தின் பெயர் என்றுதான் விளக்கம் சொல்கிறது.

இந்த நாட்டின் பழைய பெயர் வேணாடு. கல்வெட்டுகளில் வேணாட்டு அரசர்கள் என்றுதான் வருகிறார்கள். இதை ஆங்கிலத்தில் முறையாக எழுதி வெளி உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். நமக்கெல்லாம் 'மனோன்மணீயம்' என்றால் தெரியும். அதை 1891ல் வெளியிட்ட சுந்தரம் பிள்ளை, ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். வட்டெழுத்துக் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்து, திருவிதாங்கூரின் பழைய அரசர்கள் சிலரைப் பற்றி 1894ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நூலின் தலைப்பில் இருப்பது ட்ராவன்கோர். உள்ளே போனால் வேணாடு. இன்று தமிழ்நாட்டின் எல்லா அரசு விழாக்களிலும் பாடுகிறோமே, தமிழ்த்தாய் வாழ்த்து, அது இந்தத் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் எழுதியதுதான். நம் பிள்ளைகளுக்கு இதை ஒரு தடவையாவது சொல்லவேண்டும்.

அப்படியானால் திருவிதாங்கோடு எப்படி ட்ராவன்கோர் ஆனது?

ஐரோப்பியர்களுக்கு நம்முடைய 'திரு' எப்போதுமே தகராறு. நடுவில் இருக்கும் உயிரை முழுங்கிவிட்டு 'ட்ர' என்று ஆரம்பித்துவிடுவார்கள். திருவல்லிக்கேணி ட்ரிப்ளிகேன் ஆனது. திருச்சிராப்பள்ளி ட்ரிச்சினாபோலி. திருக்கோணமலை ட்ரிங்கோமலி. திருச்சூர் ட்ரிச்சூர். திருவனந்தபுரம் ட்ரிவேண்ட்ரம். 'திரு' இல்லாத தரங்கம்பாடியைக்கூட விட்டுவைக்காமல் ட்ராங்குபார் ஆக்கினார்கள். அதே ஆலையில் அரைபட்டதுதான் ட்ராவன்கோர்.

முதலில் அரைத்தவர்கள் ஆங்கிலேயர் அல்ல, போர்ச்சுகீசியர். 1544ல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கடற்கரை மீனவர்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அந்த 16ம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிவிட்டது. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பின்னால் வந்து அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு 'ட்ராவன்கோர்' என்றால் தெற்கே ஒரு சின்ன அரசு. அவ்வளவுதான். அந்தச் சொல் பெருத்தது மார்த்தாண்ட வர்மா காலத்தில் (1729-1758). 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். 1750ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, தான் பத்மநாபதாசன் என்று ஆண்டார். அடுத்து வந்த தர்மராஜா காலத்தில், 1795ல், தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. நாடு வடக்கே வளர வளர, பெயர் கொடுத்த ஊர் தெற்கு மூலைக்கு ஒதுங்கிவிட்டது.

1941 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். பரப்பு ஏறத்தாழ 7,600 சதுர மைல். சொந்தப் பணம் (16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்). சொந்தத் தபால்துறை, அதற்குப் பெயர் அஞ்சல். சங்கு முத்திரை போட்ட தபால்தலைகளில் ஆங்கிலத்தில் 'ட்ராவன்கோர் அஞ்சல்' என்று அச்சிட்டிருப்பார்கள். 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர் தனி நாடாக இருப்போம் என்று அறிவித்தபோது இந்தப் பெயர் உலக வரைபடத்திலேயே ஏறியிருக்கும். ஜூலையில் அவரை வெட்டினார்கள், பிழைத்துக்கொண்டார். சமஸ்தானம் இந்தியாவில் சேர்ந்தது.

ஆனால் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. தென் திருவிதாங்கூரில் எல்லா வீட்டிலும் இந்தப் பெயருக்கு ஒரே ருசி கிடையாது. மேலாடை போடுவதற்கே நாடார் பெண்கள் 1820களிலிருந்து போராட வேண்டியிருந்தது. 1859ல்தான் அரசு இறங்கிவந்து அனுமதித்தது. அய்யா வைகுண்டரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்ததும் இதே அரசுதான். கோயில் நுழைவுப் பிரகடனம் வருவதற்கு 1936 ஆனது. ஒருவர் வீட்டில் மகாராஜா படம் மாட்டியிருக்கும். அடுத்த வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே பாட்டியின் முகம் மாறிவிடும். இரண்டும் திருவிதாங்கூர்தான்.

இப்போது கொஞ்சம் ஜெர்மனி பக்கம் போய் வருவோம். காரணம் இருக்கிறது.

என் அலுவலகத்தில் ம்யூனிக்காரர் ஒருவர் இருக்கிறார். ஊரைக் கேட்டால் 'பவேரியா' என்பார். வீட்டுக்குப் போன் பேசும்போது அதுவே 'பாயர்ன்' ஆகிவிடும். பி.எம்.டபிள்யூ. காரில் இருக்கும் அந்த 'பி' இந்த பாயர்ன்தான். உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லிக் கேட்க மாட்டீர்களா என்றால் தோளைக் குலுக்குகிறார். மாற்றினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஏனென்றால் பவேரியா இருக்கிற இடம். மாநிலம், தலைநகரம், அரசாங்கம் எல்லாம் உயிரோடு இருக்கிறது. பெயர்ப்பலகையை மாற்றினால் வேலை முடிந்தது.

பிரஷ்யாவை அப்படி மாற்ற முடியாது. ஜெர்மன் மொழியில் அது 'பிராய்சன்'. அந்தப் பெயருக்கு முதலில் சொந்தக்காரர்கள் ஜெர்மானியரே அல்ல. பால்டிக் கடலோரத்தில் வேறு மொழி பேசிய ஒரு மக்கள் கூட்டம். 13ம் நூற்றாண்டில் ஜெர்மன் போர்வீரர்கள் அவர்களை வென்று அங்கே குடியேறினார்கள். அந்த மொழி அழிந்தது, பெயர் தங்கியது. 1701ல் கோனிக்ஸ்பர்க் நகரில் முடிசூட்டிக்கொண்ட அரசர் உண்மையில் ஆண்டது பெர்லினிலிருந்து. நாடு மேற்கே வளர்ந்தது, பெயரும் கூடவே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1947 பிப்ரவரியில் நேச நாடுகள் சட்டம் போட்டு பிரஷ்யாவைக் கலைத்தன. இன்றைக்கு அந்தப் பெயர் பிறந்த நிலம் போலந்திலும் ரஷ்யாவிலும் இருக்கிறது. கோனிக்ஸ்பர்க் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட். பெர்லினிலோ, அருங்காட்சியகங்களை நடத்தும் அறக்கட்டளையின் பெயரில் பிரஷ்யா இருக்கிறது. பையன்களுக்குப் பிடித்த பொருஸ்ஸியா டோர்ட்மண்ட் கால்பந்து அணியின் பெயரில் இருப்பதும் பிரஷ்யாதான், லத்தீன் வடிவத்தில்.

இதைப் படித்தபோது எனக்கு நேரே திருவிதாங்கோடுதான் ஞாபகம் வந்தது. பெயர் கொடுத்த ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம். பெயரை வைத்திருக்கும் தலைநகரம் எல்லைக்கு அந்தப் பக்கம்.

நம் பக்கத்தில் அது நடந்தது இப்படி. 1949 ஜூலை 1ம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம். 1954 ஆகஸ்ட் 11ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தக் கட்சியின் பெயரைக் கவனியுங்கள்: திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். பிரிந்து போகவேண்டும் என்று போராடியவர்களே தங்கள் பெயரில் திருவிதாங்கூரை முதலில் வைத்திருந்தார்கள். அதில் முரண் எதுவும் இல்லை. திருவிதாங்கூர் என்பது அவர்களுடைய ஊரும்தானே.

1956 நவம்பர் 1ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகி மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு கேட்டும் கிடைக்கவில்லை. திருவிதாங்கோடு கல்குளம் தாலுகா. ஆக அன்றைக்கு மலையாளிகளின் புதிய மாநிலத்துக்கு 'கேரளா' என்ற பெயர் வந்தது. திருவிதாங்கூருக்குப் பெயர் கொடுத்த ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது.

இதற்கப்புறம் ஆங்கிலப் பெயர்கள் இரண்டும் இரண்டு வழியில் போயின.

ட்ரிவேண்ட்ரம் என்பதை 1991ல் கேரள அரசு ஆங்கிலத்திலும் திருவனந்தபுரம் என்று மாற்றியது. தமிழில் நமக்கு மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, நாம் என்றைக்கும் திருவனந்தபுரம்தான். ஆனாலும் பழைய பெயர் முழுசாக ஒழியவில்லை. ஊருக்கு டிக்கெட் தேடும்போது நாம் தட்டுவது டி.ஆர்.வி. ரயிலுக்கு டி.வி.சி. குறியீடுகளில் ட்ரிவேண்ட்ரம் உட்கார்ந்திருக்கிறது.

ட்ராவன்கோரை யாரும் திருத்தவில்லை. ஏனென்றால் அது பவேரியா மாதிரி இருக்கிற இடம் அல்ல, பிரஷ்யா மாதிரி முடிந்துபோன அரசு. முடிந்துபோன அரசுக்குப் பெயர் மாற்றி அறிவிக்க ஆளில்லை. அதனால் பெயர் அப்படியே நிறுவனங்களில் உறைந்துவிட்டது. சபரிமலையை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ட்ராவன்கோர் டைட்டானியம் இருக்கிறது. 'ஃபாக்ட்' என்ற உரக் கம்பெனியின் கடைசி எழுத்து ட்ராவன்கோர்தான், கம்பெனி இருப்பதோ கொச்சிக்குப் பக்கத்தில் ஏலூரில். 1937ல் தொடங்கிய திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1957ல் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது. நம்மில் பலர் கணக்கு வைத்திருந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் ட்ராவன்கோர் 2017 ஏப்ரல் 1ம் தேதி ஸ்டேட் பேங்கோடு கலந்து மறைந்தது.

நம் பக்கத்தில்? நாகர்கோவிலில் எஸ்.டி. இந்துக் கல்லூரி. 1952ல் ஆரம்பித்தது. அந்த எஸ்.டி. 'சௌத் ட்ராவன்கோர்'. தினமும் அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? :-) கோட்டயம் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் 'மத்திய திருவிதாங்கூர்' என்று சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தென் திருவிதாங்கூர் என்று நாம் சொல்லிக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டோம்.

விட்டதன் விளைவு வெளிநாட்டில்தான் தெரிகிறது. இங்கே நடக்கும் கூட்டங்களில் ட்ராவன்கோர் என்றால் எதிரே இருப்பவர் உடனே "ஓ, கேரளாவா?" என்பார். தமிழ் நண்பர்களிடம் சொன்னால், "அது மலையாள ராஜ்யமாச்சே, நீங்க எப்படி?" என்று ஒரு பார்வை. ஒரு சொல்லின் பொருள் பாதியாகச் சுருங்கும்போது மற்றப் பாதியில் இருந்த மனிதர்களும் சேர்ந்து காணாமல் போகிறார்கள். சுந்தரம் பிள்ளை, கவிமணி, சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த தமிழர்கள், இவர்கள் எல்லாரும் அந்தப் பாதியில் இருப்பவர்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பழைய திருவிதாங்கூர் வருஷா வருஷம் எல்லையைத் தாண்டி நடக்கிறது. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வணங்கிய விக்கிரகம் என்பது ஊர் நம்பிக்கை. அரண்மனையில் உடைவாள் கைமாறும். களியக்காவிளை எல்லையில் கேரளப் போலீஸ் வரவேற்று அழைத்துப் போகும். பூஜை முடிந்து திரும்பி வருவார்கள். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது இன்றும் கேரள அரசுதான்.

இனி நடைமுறைக்கு. பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கோ, குடியுரிமைக் காகிதங்களுக்கோ முன்னோர் பிறந்த இடம் எழுத நேர்ந்தால் நான் கடைப்பிடிக்கும் முறை இது.

ஊரைச் சொல்லும்போது திருவிதாங்கோடு. அரசைச் சொல்லும்போது தமிழில் திருவிதாங்கூர், ஆங்கிலத்தில் ட்ராவன்கோர். பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'திருவாங்கூர்' என்று பார்த்தால் அதுவும் இதுதான். 1949 ஜூன் வரை பிறந்தவர்களுக்கு ட்ராவன்கோர். அங்கிருந்து 1956 அக்டோபர் வரை ட்ராவன்கோர்-கொச்சின். 1956க்கு முன்னால் பிறந்த யாருக்கும் கேரள மாநிலம் என்று எழுதாதீர்கள், அப்படி ஒரு மாநிலமே அன்று கிடையாது. நம் மாவட்டத்துக்காரர்கள் கூடவே 'இன்று தமிழ்நாடு' என்று இரண்டு வார்த்தை சேர்த்துவிடுங்கள். படிக்கிறவருக்கும் குழப்பமில்லை, தாத்தாவுக்கும் அநியாயமில்லை.

இன்னொன்று. வீட்டுப் பரணில் சங்கு முத்திரை போட்ட பத்திரமோ, பள்ளிச் சான்றிதழோ, அஞ்சல் உறையோ இருந்தால் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எடுத்து ஒரு போட்டோ பிடித்து வையுங்கள். எண்பது தாண்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், "நீங்க பிறந்தப்போ நம்ம ஊர் எந்த நாட்டுல இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.